பழைய கருவி, புதிய விண்டோஸ்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. கணினி புதிது, விண்டோஸ் 11 ஓடுகிறது, ஆனால் நேற்றுவரை உழைத்த ஸ்கேனரையோ பிரிண்டரையோ அது கண்டுகொள்வதில்லை. கடையில் கேட்டால், "இது பழசு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பல வீடுகளில் கருவிக்கு ஒரு கோளாறும் இருப்பதில்லை. கணினிக்கும் கருவிக்கும் நடுவில் நின்று பேசும் டிரைவர்தான் இல்லாமல் போயிருக்கிறது.

கடிதம் எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கருவியைச் செருகிவிட்டு, ஸ்டார்ட் பொத்தான்மேல் வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். கருவியின் பெயர்மேல் வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ். விஐடி, பிஐடி என்ற இரண்டு குறிகளுக்குப் பக்கத்தில் நான்கு நான்கு இலக்கங்கள் (சிலவற்றில் ஆங்கில எழுத்தும்) இருக்கும். முதலாவது தயாரிப்பாளரைக் காட்டும், இரண்டாவது அந்தச் சாதனத்தை. இந்த எண்களை எழுதி அனுப்பினால் எங்களால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டிரைவர் தேடுவது உள்ளே இருக்கும் சில்லை, அதாவது சிப்பைத்தான்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களிடம் கேனன் கேனோஸ்கேன் லைட் 20 ஸ்கேனர் இருக்கிறது. அப்பாவின் பழைய பத்திரங்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் அதில்தான் எடுத்து வைப்போம். புதிய மடிக்கணினியில் செருகினால் மஞ்சள் முக்கோணம் மட்டும் வருகிறது. டிரைவர் எங்கே கிடைக்கும்?
— இல்லத்தரசி, செந்தூல்

பதில்: அம்மா, அந்த டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். லைட் 20க்கு 64-பிட் டிரைவரைத் தயாரிப்பாளர் வெளியிடவே இல்லை. விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பு கிடையாது. 64-பிட் விண்டோஸின் மையநிரலுக்குள் (கெர்னல்) 32-பிட் டிரைவர் எந்த வழியிலும் ஏறாது. டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சோதனையை அணைத்துவிட்டு நிறுவலாம் என்று யாராவது சொன்னாலும் இந்த ஸ்கேனருக்கு அது உதவாது, கணினியின் பாதுகாப்புதான் குறையும். "எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களையும் தொடாதீர்கள். இல்லாத டிரைவரை அவை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

ஆனாலும் உங்கள் ஸ்கேனருக்கு வழி இருக்கிறது. வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள், தயாரிப்பாளரின் டிரைவரைக் கேட்காமல் ஸ்கேனரின் சில்லோடு தானே பேசும். பணம் கட்டும் முன் சோதனைப் பதிப்பை இறக்கி ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். படத்தின்மேல் குறி விழும், அது இயல்பு. படம் முழுதாக வந்துவிட்டால் வாங்கலாம்.

செலவில்லாத வழி லினக்ஸ் என்ற இலவச இயக்க முறைமை. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை எழுதுங்கள். கணினியை மறுபடி தொடக்கி, பென்டிரைவிலிருந்து ஏற்றி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேனரைச் செருகி, "டாக்குமெண்ட் ஸ்கேனர்" என்ற நிரலைத் திறந்தால் போதும். லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனிக்கும் சேன் தொகுப்பில் லைட் 20க்கான பகுதி ஏற்கெனவே உண்டு. இதில் இரண்டு எச்சரிக்கை. எடுத்த படங்களை இன்னொரு பென்டிரைவில் சேமியுங்கள், ஏனென்றால் கணினியை அணைத்ததும் இந்தத் தற்காலிக உபுண்டுவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அடுத்தது, பயோஸுக்குள், அதாவது கணினியின் தொடக்க அமைப்புக்குள் போய் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பை அணைக்காதீர்கள். உபுண்டு அது இருந்தபடியே ஓடும். அதை மாற்றினால், வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும் மடிக்கணினியில் விண்டோஸ் திரும்ப வரும்போது வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர், மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது கையில் இல்லாதவர்கள் தங்கள் கோப்புகளைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார்கள்.

இந்த வகை ஸ்கேனர் மின்சாரத்தையும் யூஎஸ்பி வழியாகவே எடுக்கிறது. ஆகவே தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகாதீர்கள், கணினியில் நேராகச் செருகுங்கள். விளக்கு நகர்ந்து பாதியில் நின்றால், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் வைத்துப் பாருங்கள். சில பழைய ஸ்கேனர்கள் யூஎஸ்பி 3 வாசலில் தடுமாறும், இந்த ஹப் அதைச் சரிசெய்துவிடும். பத்திரங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) சாம்பல் நிறம் போதும். படங்களுக்கு 600. அதற்கு மேல் வைத்தால் கோப்பு பெருக்குமே தவிர தெளிவு கூடாது, இந்த ஸ்கேனரின் கண்ணே கிடைவாக்கில் 600தான்.

லைட் 110 போன்ற பின்னாளைய மாதிரி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம். அதற்கு 64-பிட் டிரைவர் உண்டு. கூடவே நாப்ஸ்2 என்ற இலவச நிரலைப் போட்டுக்கொண்டால் பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கலாம்.

கேள்வி: எங்கள் துணிக்கடையில் எப்சன் எல்க்யூ-300+ டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று பிரதி பில் அதில்தான் போடுகிறோம். புதிய கணினியில் அந்தப் பெரிய பிரிண்டர் வாசல் இல்லாததால் யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கினோம். பழைய பில் மென்பொருள் "எல்பிடி1 இல்லை" என்கிறது. வேறு நிரலிலிருந்து அச்சிட்டால் வருகிறது, ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் எழுத்து கீழே இறங்கிக்கொண்டே போகிறது.
— கடைக்காரர், மஸ்ஜித் இந்தியா, கோலாலம்பூர்

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல். முதலில் எல்பிடி1, அதாவது பேரலல் எனப்படும் அந்தப் பெரிய பிரிண்டர் வாசலின் பெயர்.

நீங்கள் வாங்கிய கேபிள் ஒரு பேரலல் வாசலை உண்டாக்குவதில்லை. அது தன்னை யூஎஸ்பி பிரிண்டராகவே விண்டோஸிடம் காட்டிக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் "யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்" என்றும், பிரிண்டரின் போர்ட்ஸ் பட்டியலில் யூஎஸ்பி001 என்றும் தெரியும். பில் மென்பொருளில் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அந்தப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. எல்பிடி1 என்ற பெயரை உள்ளேயே பதித்துவைத்த மென்பொருள் என்றால் இப்படிச் செய்யுங்கள். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்துக்குப் போய், இடைவெளி இல்லாத சிறிய பெயர் ஒன்றில் பிரிண்டரைப் பகிருங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1ஐ, உங்கள் கணினியின் பெயரும் அந்தப் பகிர்வுப் பெயரும் சேர்ந்த முகவரிக்கு இணைத்து, பெர்சிஸ்டென்ட் என்ற விருப்பத்துக்கு யெஸ் கொடுங்கள். இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இணைக்கிறார்கள். அப்படிச் செய்த இணைப்பு, சாதாரணமாகத் திறக்கும் பில் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணமாகவே திறந்து இணையுங்கள்.

உங்கள் மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது என்றால் அது 64-பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது, எல்பிடி1 கதை அதற்குப் பிறகுதான். அதற்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் பேரலல்1 என்ற வரிக்கு பிரிண்டர் என்று மதிப்பு கொடுத்தால், டாஸ் நிரல் அனுப்பும் எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொண்டு விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பிவைக்கும். தொடங்கும் முன் பழைய கணினியில் இருக்கும் கணக்குக் கோப்புறை முழுவதையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

மென்பொருளுக்கான பாதுகாப்புச் சாவி, அதாவது டாங்கிள், பழைய கணினியின் பேரலல் வாசலில் செருகப்பட்டிருந்ததா என்று பாருங்கள். இருந்தால் எந்த யூஎஸ்பி கேபிளும் உதவாது. அந்தக் கேபிள் பிரிண்டரோடு மட்டும் பேசும். மேசைக்கணினிக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு ஒன்று வேண்டும். லோ யாட் பிளாசா கணினி அங்காடியில் கேட்கும்போது "பிரிண்டர் கேபிள்" என்று கேட்காமல் இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். உங்கள் கணினியின் உறை மெல்லியது என்றால் குட்டைத் தகடு உள்ள கார்டா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, இறங்கிக்கொண்டே போகும் எழுத்து. இதற்குக் காரணம் தாளின் அளவு. விண்டோஸ் ஏ4 என்று நினைக்கிறது. ஏ4இன் உயரம் 297 மிமீ. துளையிட்ட தொடர்தாளின் உயரம் 11 அங்குலம், அதாவது 279.4 மிமீ. ஒவ்வொரு பக்கத்துக்கும் 17.6 மிமீ இறங்கும். அரைத்தாள் பில் என்றால் அகலம் 9.5 அங்குலம், உயரம் 5.5 அங்குலம். அந்த அளவை நீங்களே உண்டாக்க வேண்டும். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், பக்கத்தின் அடியில் பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ். ஃபார்ம்ஸ் பக்கத்தில் புதிய ஃபார்ம் என்று குறியிட்டு, அகலம் 241.3 மிமீ, உயரம் 139.7 மிமீ என்று கொடுத்து, "அரைபில்" என்று பெயர் வைத்துச் சேமியுங்கள். பிறகு பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் அந்தத் தாளைத் தேர்ந்தெடுத்து, தாள் வரும் வழியை டிராக்டர் (துளைத்தாளை இழுக்கும் பல்சக்கரம்) ஆக்குங்கள். மென்பொருளுக்குள்ளும் அதே தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிரிண்டரின் சொந்த அமைப்பிலும் டிராக்டர் தாள் நீளம் என்று ஒன்று உண்டு. அதையும் 5.5 அங்குலம் ஆக்கினால்தான் தாள் கிழிக்கும் இடத்தில் சரியாக நிற்கும்.

பில் மெதுவாக வருகிறது என்றால், விண்டோஸ் எழுத்துருவை பிரிண்டர் படமாக வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்களுக்கும் ஆங்கில வரிகளுக்கும் பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் டிராஃப்ட் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் வேகம் பல மடங்கு கூடும். தமிழ் எழுத்து படமாகத்தான் போகும். கடைப் பெயரையும் முகவரியையும் தமிழில் முன்கூட்டியே அச்சகத்தில் அடித்த தாளை வாங்கிக்கொண்டால், கடைப் பெயர் பளிச்சென்றும் இருக்கும், ரிப்பனும் மிச்சமாகும்.

கேள்வி: தொழிற்சாலையில் பழைய எடைக்கருவியோடும் இயந்திரங்களோடும் பேச யூஎஸ்பி-சீரியல் கேபிள் பயன்படுத்துகிறோம். விண்டோஸ் 11இல் செருகினால், 2012 முதல் கைவிடப்பட்ட சில் என்று சொல்லி மஞ்சள் முக்கோணம் காட்டுகிறது. கேபிள் நன்றாகத்தான் இருந்தது.
— பராமரிப்புத் தொழில்நுட்பர், பாயான் பாரு, பினாங்கு

பதில்: கேபிள் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் இருப்பது புரொலிஃபிக் பிஎல்2303 குடும்பத்தின் பழைய எச்எக்ஸ்ஏ சில். விஐடி 067பி, பிஐடி 2303 என்று பார்ப்பீர்கள். அந்தச் சில்லைப் பலர் போலியாகச் செய்து விற்றதால், புதிய டிரைவர் பழைய சில் அனைத்தையும் மறுக்கிறது. விண்டோஸ் அப்டேட் அந்தப் புதிய டிரைவரைத்தான் தானாகப் போட்டுவிடுகிறது.

அவசரத்துக்கு இப்படிச் செய்யலாம். 2010இல் வந்த 3.3.11.152 பதிப்பு டிரைவரைப் பெற்று நிறுவுங்கள். கேபிளைச் செருகி, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், "என் கணினியில் தேடு", "பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்று போனால் இரண்டு பதிப்பும் வரிசையாகத் தெரியும். 2010க்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். முக்கோணம் மறையும். அடுத்த முறை வேறு யூஎஸ்பி வாசலில் செருகினாலோ புதுப்பிப்பு வந்தாலோ புதிய டிரைவர் திரும்ப ஏறிக்கொள்ளும். விண்டோஸ் புரோ என்றால் குரூப் பாலிசியில், விண்டோஸ் புதுப்பிப்புகளோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதியை இயக்கி இதைத் தடுக்கலாம்.

உற்பத்தி வரிசையில் இருக்கும் கணினிக்கு இந்த ஒட்டுவேலையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இரவு வேலை நேரத்தில் டிரைவர் மாறி எடைக்கருவி நின்றால் யார் வந்து பார்ப்பது? எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232 சில் உள்ள கேபிளாக மாற்றுங்கள். அதன் எண் 0403, 6001. நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள், அதிலும் போலிகள் உண்டு. 2014இல் எஃப்டிடிஐயின் டிரைவர் ஒன்று போலிச் சில்களின் பிஐடி எண்ணைச் சுழியமாக்கி அவற்றை முடக்கியது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதில் அடிபட்டார்கள்.

புதிய கேபிள் வாங்கும்போது ஆர்எஸ்-232 (சீரியல் வாசலின் மின்முறை) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் டிடிஎல் அளவில் பேசும் கேபிள்களும் விற்கின்றன. அவை 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கானவை. ஆர்எஸ்-232 கம்பியில் கூட்டலிலும் கழித்தலிலும் 15 வோல்ட் வரை வரலாம். மாற்றிச் செருகினால் சில் கருகிவிடும்.

கேபிளை மாற்றியதும் போர்ட் எண்ணும் மாறும். பழைய நிரல்கள் பல, காம்1 முதல் காம்4 வரைதான் தேடும். புதிய கேபிள் காம்11இல் உட்கார்ந்திருந்தால் நிரலுக்கு அது தெரியாது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணைக் காம்3 என்று மாற்றுங்கள். "பயன்பாட்டில் உள்ளது" என்று எச்சரித்தால் பயப்பட வேண்டாம், முன்பு செருகிய கேபிளின் நினைவு அது. வ்யூ பட்டியலில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்களை நீக்கிவிட்டால் எண் விடுபடும்.

கேள்வி: ஹெச்பி லேசர்ஜெட் 1020. பச்சை விளக்கு எரிகிறது. அச்சிடச் சொன்னால் வரிசையில் நின்றுகொண்டே இருக்கிறது. சில நாள் வருகிறது, சில நாள் இல்லை.
— டியூஷன் ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இந்த பிரிண்டருக்குள் அதன் இயக்க நிரல் நிரந்தரமாக இல்லை. மின்சாரம் போட்ட ஒவ்வொரு முறையும் கணினியிலிருக்கும் டிரைவர்தான் அதை ஏற்றிவிடுகிறது. ஆகவே கணினி முழுதாகத் திறந்த பிறகு பிரிண்டரைப் போடுங்கள், அரை நிமிடம் விட்டு அச்சிடுங்கள். அப்படியும் வரிசையில் நின்றால் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் போர்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். கேபிளை வேறு வாசலில் மாற்றிச் செருகும்போது விண்டோஸ் யூஎஸ்பி002 என்று புதிய போர்ட்டை உண்டாக்கும், பிரிண்டரோ பழைய யூஎஸ்பி001இலேயே காத்துக்கிடக்கும். சரியான போர்ட்டில் குறியிட்டால் நின்றிருந்த பக்கங்கள் உடனே வரும்.

டிரைவரைப் பத்திரப்படுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்த திட்டப்படி, பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவது படிப்படியாக நின்றுவருகிறது. நிறுவனத்தின் நிறுவல் கோப்பு கையில் இருந்தால் அதைக்கொண்டு நிறுவ இந்தத் திட்டம் தடையில்லை. கோப்பு கையில் இல்லாமல் பிரிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறதா? சி வட்டில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்று உள்ளே போங்கள். உங்கள் பிரிண்டருக்குரிய கோப்புறையை முழுதாகப் பென்டிரைவில் நகல் எடுங்கள். எந்தக் கோப்புறை என்று குழப்பம் என்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த 64-பிட் கணினியில் டிரைவர் கேட்கும்போது அந்த இடத்தைக் காட்டினால் போதும்.

பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் "விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்" என்று ஒன்று விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதை இயக்காதீர்கள். இயக்கினால் இப்படிப்பட்ட பழைய பிரிண்டர்களின் டிரைவர் நீங்கிவிடும்.

கேள்வி: 2000களில் எடுத்த திருமண வீடியோக்கள் மினிடிவி கேசட்டில் இருக்கின்றன. கேமராவின் யூஎஸ்பி வயரைச் செருகினால் புகைப்படங்கள் மட்டும் வருகின்றன. வீடியோவை எப்படிக் கணினிக்குக் கொண்டுவருவது?
— படப்பிடிப்பாளர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் தள்ளிப்போடக் கூடாதது இதுதான். பிரிண்டர் போனால் வேறு வாங்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடித்தால், அந்தத் தாலிகட்டும் காட்சியை எங்கும் வாங்க முடியாது.

பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் யூஎஸ்பி, மெமரி கார்டிலுள்ள புகைப்படத்துக்கு மட்டும். வீடியோ போகும் வழி ஃபயர்வயர். உங்கள் கேமராவில் ஐ.லிங்க் அல்லது டிவி (DV) என்று எழுதிய சிறிய 4 முனை வாசல் அது. மேசைக்கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் போடுங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அல்லது வியா சில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே 6 முனை ஒருபக்கம், 4 முனை மறுபக்கம் உள்ள கேபிள். யூஎஸ்பி முனையை ஃபயர்வயர் முனையாக மாற்றும் சின்ன அடாப்டர்கள் மலிவாக விற்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம், இரண்டும் முற்றிலும் வேறு மொழி, வடிவத்தை மட்டும் மாற்றி ஒன்றும் நடக்காது.

கார்டுக்கான டிரைவர் விண்டோஸ் 11இலேயே உண்டு. கேமரா அணைந்திருக்கும்போது கேபிளைச் செருகுங்கள். 6 முனைப் பக்கத்தில் மின்சாரமும் வருகிறது, தலைகீழாக அழுத்திச் செருகினால் வாசல் எரிந்துவிடும். பிறகு கேமராவைப் பிளே நிலையில் வையுங்கள். கேமரா டிவைஸ் மேனேஜரில் தெரிந்தாலும் வீடியோ விட்டுவிட்டு வந்தால், கார்டின் டிரைவரை "லெகசி" வகைக்கு மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் தனிப்பொதியாக வெளியிட்டது, அதை நிறுவிய பிறகு அப்டேட் டிரைவர் பட்டியலில் தெரியும்.

பிடிப்பதற்கு வின்டிவி என்ற சிறிய இலவச நிரல் போதும். அது நாடாவிலுள்ள தகவலை அப்படியே கோப்பாக்கும், தரம் ஒரு துளியும் குறையாது. ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், வேகப்படுத்த வழியில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் வேண்டும். வட்டு என்டிஎஃப்எஸ் அமைப்பில் இருக்கட்டும். எஃப்ஏடி32 வட்டில் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, பிடிப்பு நடுவில் நின்றுவிடும்.

கேசட்டைப் போட்டதும் பிடிக்கத் தொடங்காதீர்கள். முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல ஆண்டு அசையாமல் இருந்த நாடாவின் இறுக்கம் அப்போதுதான் சீராகும். கேமராவைப் பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். படத்தில் சதுரம் சதுரமாக உடைந்தால் ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கும் பகுதியை, சுத்தம் செய்யும் கேசட்டைச் சில வினாடிகள் மட்டும் ஓட்டுங்கள், அதிகம் ஓட்டினால் ஹெட் தேயும். எல்பி (அதிக நேரம் பதியும்) முறையில் பதிந்த நாடாக்கள் வேறு கேமராவில் அடிக்கடி உடையும். பதிந்த அதே கேமரா கிடைத்தால் அதிலேயே ஓட்டுங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து நாடா சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக்கலாம். மலேசியாவில் பதிந்தவை பால் (PAL) என்ற வீடியோ முறை, 720க்கு 576, கோடு மாற்றிக் கோடு வரைந்தவை. இந்தக் கோடுகளைச் சேர்த்து முழுப்படமாக்கும்போது, அதாவது டீஇன்டர்லேஸ் செய்யும்போது, நொடிக்கு 50 படமாக வைத்தால் நாதஸ்வரக்காரரின் விரலசைவுகூடச் சீராக வரும். பிடித்த மூலக் கோப்பை அழிக்காமல் இரண்டு வட்டுகளில் வையுங்கள்.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் அடாப்டர்களைக் கோத்து இதுவரை சமாளித்தார்கள். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 ஃபயர்வயரையே நீக்கிவிட்டது. பழைய மேக் இருந்தால் புதுப்பிக்காமல் இந்த வேலைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஎச்எஸ் கேசட்டுக்கு ஃபயர்வயர் இல்லை. "ஈசிகேப்" என்று விற்கும் யூஎஸ்பி துண்டுகளைப் பலர் கேட்கிறார்கள். ஒரே பெட்டி, ஒரே பெயர், உள்ளே நான்கைந்து வகைச் சில். நண்பருக்கு ஓடிய டிரைவர் உங்களுக்கு ஓடாததற்கு அதுதான் காரணம். இந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் சொன்ன எண்களைப் பார்த்து அந்தச் சில்லுக்கான 64-பிட் டிரைவரைத் தேடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் யூவிசி என்ற பொது வீடியோ முறையில் ஓடுவதா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு டிரைவரே வேண்டாம்.

கேள்வி: பள்ளி அலுவலகத்தின் பெரிய நகல் இயந்திரம், ஸ்கேன் செய்ததை நேராகக் கணினியின் கோப்புறைக்கு அனுப்பும். கணினியை மாற்றிய பிறகு "இணைக்க முடியவில்லை" என்கிறது.
— அலுவலகப் பணியாளர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் கடவுச்சொல்லைப் பாருங்கள். புதிய கணினியில் நீங்கள் நான்கிலக்க பின் எண்ணால் நுழைகிறீர்கள். நகல் இயந்திரத்துக்கு அந்தப் பின் எண் செல்லாது. ஸ்கேனுக்கென்று கணினியில் உள்ளூர்ப் பயனர் கணக்கு ஒன்றை உண்டாக்கி, நல்ல கடவுச்சொல் வைத்து, கோப்புறையின் ஷேரிங், செக்யூரிட்டி என்ற இரு பக்கங்களிலும் அந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதி கொடுங்கள். நெட்வொர்க்கை பிரைவேட் ஆக்குங்கள். இயந்திரத்தில் கணினியின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போடுங்கள், ரவுட்டரில் அந்த முகவரியை அந்தக் கணினிக்கே நிரந்தரமாக ஒதுக்குங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் இயந்திரம், கோப்பு பகிர்வதற்கான எஸ்எம்பி1 என்ற பழைய முறையில் மட்டும் பேசக்கூடும். விண்டோஸ் அதை 2017இலிருந்து தானாக நிறுவுவதில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து புரோ, எடுகேஷன் பதிப்புகள் டிஜிட்டல் கையெழுத்திட்ட இணைப்பையும் கேட்கின்றன. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி1ஐ இயக்கிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல், அந்த எஸ்எம்பி1இன் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. மாணவர்களின் விவரங்கள் இருக்கும் கணினி அது.

இயந்திரத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திடம் எஸ்எம்பி2 என்ற பிந்தைய முறைக்கான ஃபர்ம்வேர் (இயந்திரத்தின் உள்நிரல்) உண்டா என்று கேளுங்கள், பல மாதிரிகளுக்கு உண்டு. இல்லையென்றால் அதே இயந்திரத்தில் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக அனுப்பும் வசதி இருக்கும். கணினியில் ஃபைல்சில்லா சர்வரை நிறுவி, ஒரே ஒரு பயனர், ஒரே ஒரு கோப்புறை என்று வைத்து, ஃபயர்வாலில் நகல் இயந்திரத்தின் ஐபி முகவரிக்கு மட்டும் வாசல் 21ஐயும், கோப்பு வந்துசேர சர்வரில் நீங்கள் குறிக்கும் பேசிவ் வாசல்களையும் திறங்கள். ரவுட்டரில் வெளியுலகுக்கு எதையும் திறக்காதீர்கள்.

கேள்வி: புதிய ஸ்னாப்டிராகன் மடிக்கணினி வாங்கினேன். அதே விண்டோஸ் 11தான், தம்பியின் கணினியில் ஓடும் பிரிண்டர் டிரைவர் என்னுடையதில் ஏறவில்லை. பழைய வட்ட முனைக் கீபோர்டும் அடாப்டர் போட்டும் எழுதவில்லை.
— கல்லூரி மாணவர், செராஸ்

பதில்: தம்பி, செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போய் சிஸ்டம் டைப்பைப் பாருங்கள், ஆர்ம் என்று இருக்கும். இன்டெல், ஏஎம்டிக்கான நிரல்களை உங்கள் கணினி மொழிமாற்றி ஓட்டிவிடும், ஆனால் டிரைவர்களை அப்படி ஓட்டாது. ஆர்ம்64க்கென்று எழுதிய டிரைவர்தான் வேண்டும், பழைய பிரிண்டர்களுக்கு அது அரிது. பிரிண்டர் உங்கள் தம்பியின் கணினியிலேயே இருக்கட்டும். பிடிஎஃப் ஆக்கி அவருக்கு அனுப்பி அச்சிடுவது இப்போதைக்குத் தலைவலியில்லாத வழி. உங்களுக்கென்று வாங்கும்போது மோப்ரியா என்று குறித்த பிரிண்டராகப் பாருங்கள். அவற்றுக்கு விண்டோஸின் சொந்த டிரைவரே போதும்.

கீபோர்டுக்கு நீங்கள் போட்டது வெறும் முனை மாற்றி. இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டுக்கு மட்டும் அது ஓடும். உள்ளே சில் வைத்த பிஎஸ்2-யூஎஸ்பி மாற்றி என்று கேட்டு வாங்குங்கள். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் இரண்டு வால் உள்ள கேபிளாக இருக்கும். அதற்கு டிரைவர் எதுவும் வேண்டாம், ஆர்ம் கணினியிலும் ஓடும்.